ஃபெர்ரோ சீல் தகராறு: வேக்குவம் நிற்கவில்லை, சூடு ஏறுகிறது, தண்டு இறுகுகிறது – எதை முதலில் பார்ப்பது?

தடாவிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை கோட்டிங் சேம்பர் (காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பொருள்கள் மேல் மெல்லிய பூச்சு போடும் பெட்டி) வைத்திருப்பவர்களின் போன் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கும். தமிழ்க்காரர் என்றால் "சீல் போயிடுச்சு சார்". தெலுங்குக்காரர் என்றால் "சீல் போயிந்தி சார்". நேரில் போய்ப் பார்த்தால் பெரும்பாலும் சீல் போயிருக்காது. தண்ணீர் வராமல் இருக்கும், மோட்டாரையும் தண்டையும் இணைக்கும் கப்ளிங் கோணியிருக்கும், சில்லறைக் காசு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) ஒன்று நசுங்கிக் கிடக்கும்.

சுழலும் தண்டை வேக்குவம் சேம்பருக்குள் கொண்டுபோகும் காந்தத் திரவ ரோட்டரி ஃபீட்த்ரூவைத்தான் பட்டறையில் ஃபெர்ரோ சீல் என்கிறோம். தண்டுக்கும் காந்த முனைகளுக்கும் நடுவே 50 முதல் 100 மைக்ரான் வரை இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் காந்தம் பிடித்து நிறுத்தியிருக்கும் கறுப்புத் திரவ வளையங்கள்தான் வெளிக்காற்றைத் தடுக்கின்றன. ஒரு வளையம் சுமார் 0.2 பார் அழுத்த வித்தியாசம் தாங்கும், அதனால்தான் வரிசையாகப் பல வளையங்கள் வைத்திருக்கிறார்கள். பிழை பிடிக்க இவ்வளவு தெரிந்தால் போதும்.

ஸ்பானரைக் கையில் எடுக்கும் முன் ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: தண்டு என்ன வேகத்தில் ஓடுகிறது, சீலுக்குப் போகும் தண்ணீரும் திரும்பி வரும் தண்ணீரும் எத்தனை டிகிரி, தண்டு நிற்கும்போது பிரஷர் எவ்வளவு, சுற்றும்போது எவ்வளவு. அப்புறம் முக்கியமான ஒன்று: கடைசியாக நன்றாக ஓடிய நாளுக்குப் பிறகு மெஷினில் யார் என்ன செய்தார்கள்? "ஒண்ணும் செய்யலை" என்றுதான் முதலில் சொல்வார்கள். டீ குடித்த பிறகு இன்னொரு முறை கேளுங்கள்.

## அறிகுறி 1: வேக்குவம் இறங்கவில்லை

தண்டை நிறுத்துங்கள். பம்ப் வால்வை மூடி, பிரஷர் எப்படி ஏறுகிறது என்று பத்து நிமிடம், நிமிடத்துக்கு ஒரு தடவை குறியுங்கள். பிறகு மறுபடி பம்ப் செய்து இறக்கி, தண்டைச் சுற்றவிட்டு அதே சோதனையைச் செய்யுங்கள். இரண்டு வரிசை எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும்.

### நின்றாலும் சுற்றினாலும் ஒரே மாதிரி ஏறுகிறது

அப்படியானால் சீலை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

பிரஷர் முதலில் வேகமாக ஏறி, போகப்போகத் தளர்ந்து வளைந்தால் அது ஓட்டை அல்ல, சேம்பர் சுவரிலிருந்து வரும் ஈரம். பழவேற்காடு ஏரிக் காற்று வீசும் ஊரில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் கதவைத் திறந்துபோட்டுவிட்டுச் சாப்பிடப் போய்வந்தால், அந்த ஈரத்தை இழுக்கப் பம்ப் அரை நாள் உழைக்கும். வென்ட் செய்யும்போது, அதாவது கதவைத் திறக்க சேம்பருக்குள் வாயுவை நிரப்பும்போது, உலர்ந்த நைட்ரஜன் விடுங்கள், கதவு திறந்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். செலவு குறைந்த சிகிச்சை இதுதான்.

பிரஷர் கோடு போட்டதுபோல் நேராக ஏறிக்கொண்டே போனால் அது ஓட்டை. முதலில் கதவு ஓ-ரிங்கைப் பாருங்கள், பிறகு கடைசியாகக் கழற்றி மாட்டிய ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தட்டு), அதற்கப்புறம் சீல் மாட்டியிருக்கும் ஃபிளாஞ்சின் ஓ-ரிங். கழற்றினால் ஓ-ரிங் உட்காரும் பள்ளத்தை நகத்தால் தடவிப் பாருங்கள். நகத்தில் தட்டுகிற கீறல் வேக்குவத்துக்குப் பெரிய வாசல். குறுக்கே கிடக்கும் ஒரு தலைமுடியும் அப்படித்தான். துடைத்த துணியின் நூல்தான் இதில் அதிகம் மாட்டும். பனியன் துணி வேண்டாம்.

பிரஷர் காட்டும் கேஜையும் சந்தேகிக்கலாம். கோட்டிங் தூசு படிந்த கேஜ் தப்பாகவே காட்டும். வேறொரு கேஜை மாட்டிப் பார்ப்பது அரை மணி நேர வேலை. சீலைக் கழற்றுவது அரை நாள் வேலை.

### சுற்றும்போது மட்டும் ஏறுகிறது

இப்போது சந்தேகம் தண்டின் பக்கம் வருகிறது, ஆனாலும் திரவத்தின் மேல் பழி போட இன்னும் நேரமிருக்கிறது.

உங்கள் சீல் நடுவே துளையுள்ள ரகமா? மெஷினின் தண்டு அந்தத் துளைக்குள் நுழைந்திருக்கும், இரண்டுக்கும் நடுவே ஒரு ஓ-ரிங் இருக்கும். அந்த ஓ-ரிங் தண்டோடு சேர்ந்தே சுற்றுவது, உரச வேண்டியதில்லை. ஆனால் கிளாம்ப் தளர்ந்தால் உரச ஆரம்பிக்கும், தேயும், கசியும். திரவ வளையம் உடைந்த மாதிரியே தோன்றும். கிளாம்ப் ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள், ஓ-ரிங்கை மாற்றிப் பாருங்கள். இந்த ஒன்றைப் பார்க்காமலேயே நல்ல சீலை வெளிநாட்டுக்கு அனுப்பியவர்கள் உண்டு.

அடுத்தது சேம்பருக்கு உள்ளே. கோட்டிங் போட வேண்டிய பொருள்களைத் தாங்கித் தண்டோடு சுற்றும் டேபிள் ஓடும்போது, உள்ளே இருக்கும் பேரிங்கிலிருந்தும் கியரிலிருந்தும் கிரீஸ் ஆவி வரலாம். டேபிளைக் கழற்றிவிட்டுத் தண்டை மட்டும் சுற்றுங்கள். பிரஷர் ஏறவில்லை என்றால் குற்றவாளி டேபிள்.

இதற்குப் பிறகும் தெரியவில்லை என்றால் ஹீலியம் லீக் டிடெக்டர். ஹீலியம் மேலே போகும் வாயு; ஆகவே மேலிருந்து கீழாக, பேனா முனையளவு தாரையாகக் காட்டிக்கொண்டு வாருங்கள். சீலைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கவரைக் கட்டி உள்ளே கொஞ்சம் ஹீலியம் விட்டால் பக்கத்து ஃபிளாஞ்சோடு குழப்பம் வராது. உடனே முள் குதித்தால் நிஜ ஓட்டை. சில நிமிடம் கழித்து மெதுவாக, மெதுவாக ஏறினால் அது பெரும்பாலும் ரப்பர் ஓ-ரிங் வழியாக ஹீலியம் ஊடுருவுவது. அதை ஓட்டை என்று எழுதிவிடாதீர்கள். திரவ வளையம் பொதுவாக மெல்லக் கசியாது. பிடித்தால் முழுதாகப் பிடிக்கும், விட்டால் ஒரு குமிழாக வெடித்துவிட்டுத் திரும்ப மூடிக்கொள்ளும். அதுதான் அடுத்த அறிகுறி.

## அறிகுறி 2: பிரஷர் திடீர் திடீரென்று குதித்து இறங்குகிறது

புது சீல் மாட்டிய பிறகு முதல் தடவை பம்ப் செய்து பிரஷரை இறக்கும்போது, அல்லது மெஷின் பல நாள் சும்மா கிடந்து ஓட ஆரம்பிக்கும்போது, இப்படி நடந்தால் பதற வேண்டாம். வளையங்களுக்கு நடுவே அடைபட்டிருந்த காற்று ஒவ்வொன்றாக வெடித்து உள்ளே வருகிறது. தண்டை மெதுவாகச் சுற்றவிட்டபடியே பம்ப் செய்தால் சீக்கிரம் அடங்கிவிடும்.

அடங்கவில்லை என்றால் குதிப்புக்கு ஒரு தாளம் இருக்கிறதா என்று கவனியுங்கள். தண்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோடு மேலே வரும்போதெல்லாம் முள் குதிக்கிறதா என்று பாருங்கள். சுற்றுக்கு ஒரு குதி என்றால் தண்டு மையத்தில் ஓடவில்லை: கப்ளிங் கோணல், பெல்ட் ஒரு பக்கமாக இழுப்பது, பேரிங் தேய்வு, தண்டு வளைவு என்று இந்த வரிசையில் சோதியுங்கள். டயல் கேஜை வைத்து தண்டின் ஆட்டத்தை அளந்து எழுதிவையுங்கள். 50 மைக்ரான் இடைவெளிக்குள் ஓடும் தண்டு 30 மைக்ரான் ஆடினால் திரவ வளையத்தின் ஒரு பக்கம் மெலிந்து, மறுபக்கம் தடிக்கிறது. மெலிந்த இடம் வெடிக்கிறது.

தாளம் இல்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் குதிப்பு அடிக்கடி வருகிறது, பெரிதாகவும் வருகிறது என்றால் திரவம் குறைந்துவிட்டது, அல்லது காய்ந்துகொண்டிருக்கிறது. இதற்குப் பட்டறையில் வைத்தியம் கிடையாது. ஆனால் ஏன் காய்ந்தது என்று கண்டுபிடிக்காமல் சீலை அனுப்பினால், புதுத் திரவம் போட்டு வந்த சீலும் அதே கதிக்கு ஆளாகும். பெரும்பாலும் காரணம் சூடு.

## அறிகுறி 3: சீல் உடம்பு சூடாகிறது

ஃபெர்ரோ சீலைக் கொல்வதில் முதல் இடம் இதற்குத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே.

### முதலில் அது நிஜச் சூடா?

கையை வைத்துப் பார்ப்பது அளவு ஆகாது. துப்பாக்கி மாதிரி இருக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளப்பான ஸ்டீல் மேல் காட்டினால் அது பொய் சொல்லும். பளபளப்பு உலோகம் தன் சூட்டைச் சரியாக வெளிக்காட்டாது. 70 டிகிரி இருக்கும் இடத்தை 40 என்று காட்டினாலும் ஆச்சரியமில்லை. ஒரு துண்டு கறுப்பு இன்சுலேஷன் டேப்பை சீல் மேல் அழுத்தி ஒட்டி, ஐந்து நிமிடம் விட்டு, அந்த டேப் மேல் அளவெடுங்கள். தண்டு நின்ற பிறகு தண்டிலும் இதே மாதிரி ஒட்டி அளவெடுங்கள். வெளி உடம்பு தண்ணீரால் குளிர்ந்து 35-இல் இருக்கும்போது தண்டு 80-இல் இருக்க முடியும். திரவம் இரண்டையும் தொட்டுக்கொண்டு நிற்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

### சூடு எங்கிருந்து? இரண்டு சோதனை

சேம்பர் ஹீட்டரை அணைத்துவிட்டு தண்டை மட்டும் வழக்கமான வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். அடுத்து தண்டை நிறுத்திவிட்டு ஹீட்டரை மட்டும் அதே நேரம் போடுங்கள். (தண்ணீர் இரண்டிலும் ஓடட்டும்.) எந்தச் சோதனையில் சீல் சூடாகிறதோ அந்தப் பக்கம்தான் நோய்.

ஹீட்டரால்தான் சூடு என்றால். கோட்டிங் டேபிள்கள் நிமிடத்துக்குச் சில சுற்றுகள்தான் சுற்றும். அந்த வேகத்தில் திரவ உராய்வால் வரும் சூடு ஒன்றுமே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே டேபிள் சீல் சூடானால் தண்டு வழியாகச் சேம்பரின் சூடு இறங்கி வருகிறது என்று அர்த்தம். தண்டுக்கும் டேபிளுக்கும் நடுவே இருந்த செராமிக் வாஷர் போன மாதம் உடைந்து, யாரோ ஸ்டீல் வாஷர் போட்டிருப்பார்கள். அல்லது சீலின் முகத்தை மறைத்திருந்த வெப்பத் தடுப்புத் தகடு சுத்தம் செய்யக் கழற்றப்பட்டு மூலையில் சாய்ந்து நிற்கும். தகட்டைத் திரும்ப மாட்டுங்கள், வாஷரை மாற்றுங்கள். இரண்டும் மலிவு வேலைகள்.

சுற்றுவதால்தான் சூடு என்றால். எக்ஸ்-ரே ஆனோடு, மிக்ஸர், புளோயர் போன்ற வேக மெஷின்களில் இது சகஜம். வேகம் இரட்டிப்பானால் உராய்வுச் சூடு ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். திரவம் சூடாகும்போது கொஞ்சம் இளகுவதால் கணக்கு சற்றுக் குறையலாம், ஆனால் நம்பிக்கொண்டிருக்கும் அளவுக்குக் குறையாது. தண்டின் விட்டம் இன்னும் மோசம். அதே வேகத்தில் விட்டம் இரட்டிப்பானால் எட்டு மடங்கு. ஆகவே "உற்பத்தி கூட்டணும், கொஞ்சம் வேகம் ஏத்தினோம்" என்று யாராவது சொன்னால், அந்தக் "கொஞ்சம்" எவ்வளவு என்று டிரைவில் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பார்த்துவிடுங்கள். 1000 சுற்றிலிருந்து 1400-க்கு ஏற்றியிருந்தால் சூடு இரட்டிப்பாகியிருக்கும். கேட்பதற்குப் பத்தில் நாலு பங்கு கூட்டியதாகத்தான் இருக்கும்.

### தண்ணீர்

இரண்டு சோதனையிலும் சூடு என்றால், அல்லது நேற்றுவரை சூடாகாதது இன்று சூடாகிறது என்றால், நேராகத் தண்ணீருக்குப் போங்கள்.

திரும்பி வரும் ஹோஸைக் கழற்றி ஒரு லிட்டர் பாட்டிலில் பிடியுங்கள். பாட்டில் நிரம்ப எத்தனை விநாடி? 30 விநாடி என்றால் நிமிடத்துக்கு 2 லிட்டர். உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்துகொள்ளுங்கள். நிமிடத்துக்கு 1 லிட்டர் ஓடி, 1 டிகிரி ஏறினால் தண்ணீர் சுமார் 70 வாட் சூட்டை எடுத்துப்போகிறது. 2 லிட்டர், 3 டிகிரி என்றால் 420 வாட். சீல் சூடாக இருக்கிறது, ஆனால் தண்ணீர் ஏறுவதே இல்லை என்றால், தண்ணீர் சீலைத் தொடாமல் வேறு வழியில் போகிறது அல்லது உள்வழியில் உப்புப் படிந்து சூட்டைத் தடுக்கிறது.

உப்பு என்றதும் எங்கள் ஊர் நிலத்தடி நீர் ஞாபகம் வரும். ஏரிப் பக்கம் போர் போட்டால் தண்ணீர் உவர்ப்பு. தண்ணீரைக் குளிரவைக்கும் சில்லரின் டேங்கில் அதை ஊற்றினால் ஹோஸ் மூட்டில் வெள்ளையாகப் பூத்துவிடும். சீலுக்குள் இருக்கும் சிறிய தண்ணீர் வழியில் இன்னும் சீக்கிரம். ஒரு மூட்டைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளைப் பூச்சு தெரிந்தால் நீர்த்த சிட்ரிக் அமிலக் கரைசலைச் சின்ன பம்பால் சுற்றவிட்டு, நுரை நின்ற பிறகு நல்ல தண்ணீரால் அலசிவிடுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் கூடவே கூடாது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஸ்டீலைத் தின்னும். அப்புறம் டேங்கில் ஆர்.ஓ. தண்ணீர்.

தண்ணீர் வருகிறது, உப்பும் இல்லை என்றால் பைப் வரிசையைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள். டார்கெட் (பூச்சுப் பொருள் வைக்கும் இடம்), சேம்பர் சுவர், டிஃப்யூஷன் பம்ப் (ஒரு வகை வேக்குவம் பம்ப்) என்று எல்லாவற்றையும் குளிர்வித்துவிட்டுக் கடைசியாக சீலுக்கு வருகிற மாதிரி இணைத்திருந்தால், சீலுக்குக் கிடைப்பது வெந்நீர்தான். சீலுக்குத் தனிக் கிளை எடுத்துக் கொடுங்கள். கூலிங் டவர் தண்ணீரை நேரடியாக விடுகிறவர்களுக்கு சித்திரை, வைகாசியில் இந்தத் தொல்லை இன்னும் கூடும்.

கரண்ட் போய் ஜெனரேட்டர் எடுக்கும் இடங்களில் இன்னொன்று. மோட்டார் உடனே ஓட ஆரம்பிக்கும். சில்லர் கம்ப்ரெசர் தன் பாதுகாப்புக்காகச் சில நிமிடம் காத்திருந்துதான் எழும். தண்ணீர் பம்பும் சில்லரோடு சேர்ந்தே தூங்கினால் அந்த நேரம் முழுக்க சீல் தண்ணீர் இல்லாமல் சுற்றுகிறது. தண்ணீர் ஓட்டம் நின்றால் மோட்டாரை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச் இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. தண்ணீர் வால்வை மெல்ல மூடிப் பாருங்கள், மோட்டார் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் பேனலைத் திறந்து பாருங்கள்: ஃப்ளோ ஸ்விட்சின் இரண்டு வயரையும் யாரோ ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருப்பார்கள்.

### சூட்டுக்குப் பயந்து சில்லரை 15-இல் வைத்தவர்கள்

இது எங்கள் கரையோரத்துக்கே உரிய தொல்லை. அறையில் 30 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் சுமார் 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்கும். சில்லர் 15-இல் ஓடினால் சீல் உடம்பு வியர்த்து, அந்தத் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கி, துரு பிடிக்கும். மூன்று மாதத்துக்கு முன் அமைதியாக ஓடிய சீல் கரகரவென்று கத்த ஆரம்பித்தால், அடியில் துருக்கோடு இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். ஏ.சி. இல்லாத அறையில் தண்ணீரை 27, 28 டிகிரியில் வைப்பதே நல்லது. அது போதாது என்றால் தண்ணீரைக் குளிரவைக்காதீர்கள், ஓட்டத்தைக் கூட்டுங்கள்.

### எப்போது நிறுத்துவது

தயாரிப்பாளர் தாளில் கொடுத்திருக்கும் வெப்ப வரம்பை ஒரு தடவை தாண்டியிருந்தாலும் எழுதிவையுங்கள். திரவத்தின் எண்ணெய் ஆவியாவது ஒரு நஷ்டம். உள்ளே இருப்பது சாதாரண ரக நியோடிமியம் காந்தம் என்றால் அதன் பாதுகாப்பு வரம்பு 80 டிகிரிதான்; அதற்கு மேல் போனால் காந்தம் நிரந்தரமாகப் பலம் இழக்கலாம். பலமிழந்த காந்தத்தில் எவ்வளவு புதுத் திரவம் ஊற்றினாலும் வளையம் அழுத்தத்தைத் தாங்காது. இங்கே சர்வீஸ்காரரைக் கூப்பிட வேண்டியதுதான்.

## அறிகுறி 4: காலையில் மோட்டார் ட்ரிப் ஆகிறது, தண்டு இறுக்கம்

ராத்திரி முழுக்க சும்மா நின்ற திரவம் காலையில் கொஞ்சம் கெட்டியாக இருக்கும். மெதுவாகச் சுற்றவிட்டால் சில நிமிடத்தில் சரியாகிவிடும். டிரைவில் வேகம் ஏறும் நேரத்தை நீட்டிவைத்தாலே பாதி புகார்கள் தீரும். மெஷின் நின்ற பிறகும் சில்லரை ராத்திரி முழுக்க ஓடவிடும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். நிற்கும் சீலைக் குளிரவைத்து என்ன லாபம்?

இதற்கும் மசியவில்லை என்றால் கப்ளிங்கைக் கழற்றிவிட்டுத் தண்டைக் கையால் சுற்றுங்கள். இனி உங்கள் விரல்கள்தான் கருவி.

பாகுபதம் வந்த வெல்லத்தில் கரண்டியைச் சுற்றுவதுபோல் ஒரே சீராக, வழவழவென்று எதிர்த்தால் திரவம் இயல்பாக இருக்கிறது; தகராறு மோட்டார், பெல்ட், கப்ளிங் பக்கம். சுற்றில் ஒரே இடத்தில் மட்டும் இறுகி, பிறகு தளர்ந்தால் தண்டு வளைவு, அல்லது சீலை மாட்டும்போது போல்ட்டை ஒரு பக்கமாக இறுக்கிக் கோணலாக்கியிருக்கிறார்கள். ஃபிளாஞ்ச் போல்ட்டுகளைத் தளர்த்தி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கிப் பாருங்கள். மணல் அரைபடுவதுபோல் நெருடினால் பேரிங். சூடேறும்வரை ஓட்டிப் பார்த்தும் இளகாத, எப்போதும் கெட்டியான இழுவை என்றால் திரவம் காய்ந்து பிசினாகிவிட்டது. கடைசி இரண்டும் வெளியே அனுப்ப வேண்டியவை.

சீலைச் சுத்தியலால் தட்டி நுழைப்பவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். கப்ளிங் நுழையவில்லை என்றால் தண்டின் நுனியை எமரித் தாளால் தேய்த்துப் பாருங்கள். அடிக்கிற அடி நேராகப் பேரிங்கில் விழுகிறது.

## அறிகுறி 5: சத்தம்

சீராக ஓடும் மெல்லிய சத்தம் பொருட்டல்ல. புதுச் சத்தம் வந்தால் நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியைச் சீல் உடம்பிலும் மோட்டாரிலும் மாற்றி மாற்றித் தொட்டுக் கேளுங்கள். மோட்டாரில்தான் அதிகம் என்றால் நிம்மதி. சீலில் என்றால் பெல்ட் இழுவையைத் தளர்த்திக் கேளுங்கள். குறையவில்லை என்றால் பேரிங் போகிறது.

டேபிளுக்குக் கொடுக்கும் மின்சாரம் (பயஸ் கரண்ட்) தண்டு வழியாகப் போகும் மெஷின்களில் மட்டும் இன்னொரு காரணம் சேர்கிறது. கார்பன் பிரஷ் தேய்ந்து சரியாகத் தொடாவிட்டால் கரண்ட் பேரிங் குண்டுகள் வழியாகப் போய், பொறிப் புள்ளிகள் விழும். பிரஷ் மாற்றாமல் பேரிங் மாற்றுவது வீண் செலவு.

## அறிகுறி 6: தண்டோரம் கறுப்பாக ஒரு சொட்டு

அது கிரீஸா, காந்தத் திரவமா? ஒரு கண்ணாடித் துண்டில் சொட்டைத் தொட்டு எடுத்து, அடியில் ஒரு நல்ல காந்தத்தைக் கொண்டுபோங்கள். காந்தத் திரவம் என்றால் சொட்டு முழுதாக எழுந்து காந்தத்தைத் துரத்தும். காந்தம் பலமாக இருந்தால் முள்ளு முள்ளாக நிற்கும். பழைய ஸ்பீக்கர் காந்தமே போதும். பேரிங் கிரீஸ் அசையாது. கிரீஸுக்குள் இரும்புத்தூள் மட்டும் கோடு கோடாக ஒதுங்கினால் பேரிங் தேய்கிறது என்று அதுவே சாட்சி.

காந்தத் திரவம்தான் என்றால் மூன்று காரணங்களைப் பாருங்கள். புது சீலில் அதிகப்படியாக இருந்த கொஞ்சம் முதல் ஓட்டத்தில் வெளியே வருவது இயல்பு. துடைத்துவிட்டுத் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது, வென்ட் நைட்ரஜனின் ரெகுலேட்டர் பழுதாகி சேம்பருக்குள் வெளிக்காற்றைவிட அதிக அழுத்தம் ஏறியிருக்கலாம். கதவு கிளாம்ப் பூட்டியிருந்தால் அந்த அழுத்தம் சீலைத்தான் தள்ளும். மூன்றாவதுதான் அடிக்கடி நடப்பது: சேம்பரைச் சுத்தம் செய்யும் பையன் அசிட்டோன் துணியைச் சீல் முகத்திலும் ஓட்டிவிடுவது. கரைப்பான் இடைவெளிக்குள் இறங்கினால் திரவத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வரும். அவனைத் திட்டிப் பயனில்லை. சீல் முகத்துக்கு ஒரு மூடி செய்து, சுத்தம் செய்யும்போது மாட்டச் சொல்லுங்கள்.

ஆன்லைனில் விற்கும் காந்தத் திரவத்தை ஊசியில் எடுத்து ஊற்றுவதைச் சிலர் செய்து பார்க்கிறார்கள். விளையாட்டுக்கு விற்கும் திரவத்தின் எண்ணெய் வேக்குவத்தில் ஆவியாகிவிடும். தவிர, சில சீல்களில் ஹைட்ரோகார்பன் எண்ணெய், சிலவற்றில் ஃபுளோரின் சேர்ந்த எண்ணெய். ஒன்றோடு ஒன்று கலக்காது. ஊற்றினால் உள்ளே இருந்த நல்ல திரவமும் கெட்டுப்போகும்.

## அனுப்புவது என்று முடிவானால்

பேரிங் நெருடல், காய்ந்த திரவம், நிற்காத குதிப்பு, வளைந்த தண்டு, சூட்டில் பலமிழந்த காந்தம் – இந்த ஐந்தும் பட்டறை எல்லைக்கு வெளியே. தண்டை உருவினால் என்ன என்று தோன்றும். உருவிய நொடியில் திரவம் முனைகளில் வழிந்து பரவிவிடும். உள்ளே இருக்கும் காந்தங்கள் ஒன்றோடொன்று பாய்ந்து ஒட்டும்போது நடுவில் விரல் மாட்டினால் நசுங்கும். பட்டறைத் தரையிலிருக்கும் இரும்புத்தூள் எல்லாம் அதில் வந்து ஒட்டும். திரும்பப் போடும்போது அளந்து விட வேண்டிய திரவத்தின் அளவு தயாரிப்பாளருக்குத்தான் தெரியும். இதய பேஸ்மேக்கர் வைத்தவர் யாரும் திறந்த காந்தத்தின் பக்கம் போகவே கூடாது.

அனுப்பும் முன் தண்ணீர் வழியைக் காற்றடித்து உலர்த்தி, இரண்டு வாயிலையும் அடையுங்கள். கசிவு எந்தப் பக்கம் என்று தெரியும்படி சொட்டைத் துடைக்காமல் ஒரு போட்டோ எடுத்துவையுங்கள். பெட்டிக்குள் நீங்கள் முதலில் எழுதிய தாளின் நகலை வையுங்கள், அதில் இவையெல்லாம் இருக்கட்டும்: வேகம், வெப்பம், தண்ணீர் அளவு, சேம்பரில் விடும் வாயு, எத்தனை மணி நேரம் ஓடியது. வாயு எது என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். ஆர்கனுக்குப் போடும் திரவம் வேறு, குளோரின் போல வினைபுரியும் வாயுவுக்குப் போடும் திரவம் வேறு. திரும்பி வரும் சீலை உடனே மாட்டப்போவதில்லை என்றால் அலமாரியில் வைத்துவிட்டு, மாதத்துக்கு ஒரு தடவை தண்டைக் கையால் சில சுற்றுகள் சுற்றிவிடுங்கள்.